முதல் மாலையைக் கடந்துவிட்டால்

‘நான் இதுவரை போன பயணங்களில் பாதிக்கு மேல் தனியாகப் போனவை’ என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதம் இப்பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் சேர்த்திருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். எல்லாரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை, வயது 34. தனியாக எங்கேனும் நான்கு நாள் போய்வர வேண்டும் என்ற ஆசை பத்து ஆண்டுகளாக இருக்கிறது. மூன்று முறை ரயிலில் முன்பதிவு செய்து, மூன்று முறையும் புறப்படுவதற்கு முதல் நாள் ரத்து செய்துவிட்டேன். எதற்குப் பயப்படுகிறேன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இந்தப் பயத்தை எப்படிப் போக்குவது? (வாசகி, கரூர்)

பதில்: பயம் போன பிறகு புறப்படலாம் என்று காத்திருந்தால் நான்காவது முறையும் ரத்துதான் செய்வீர்கள். ஒரு தாளை எடுத்து, எதற்கெல்லாம் அஞ்சுகிறீர்கள் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்த நாளில், எத்தனை மணிக்கு நடக்கக்கூடும் என்றும் எழுதுங்கள். இருபத்தொன்பதாம் வயதில் கர்நாடகத்திலுள்ள ஹம்பிக்குத் தனியாகப் புறப்படும் முன் நான் இப்படி எழுதிப் பார்த்தேன். ஒன்பது பயங்கள் இருந்தன. ரயில் தாமதமாகி இருட்டிவிடும், ஆட்டோக்காரர் வேறு வழியில் கொண்டுபோவார், விடுதியில் அறை இல்லை என்பார்கள், அறைக்குச் சரியான தாழ்ப்பாள் இருக்காது, நடு இரவில் யாரேனும் கதவைத் தட்டுவார்கள் என்று வரிசையாகப் போன அந்தப் பட்டியலில் ஏழு பயங்கள், போய்ச் சேரும் நாளின் மாலை ஆறு மணிக்கும் மறுநாள் விடியலுக்கும் இடையில் அடங்கிவிட்டன. மிஞ்சிய இரண்டில் ஒன்று வயிற்றுக் கோளாறு. மற்றொன்று என் பெரியம்மா என்ன சொல்வார் என்பது.

நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ரயில் இரண்டரை மணி நேரம் தாமதமாகி, ஹம்பிக்குப் போக இறங்க வேண்டிய ஹொசபேட்டையில் நான் இறங்கியபோது இருட்டிவிட்டது. தொலைபேசியில் அறை சொல்லிவைத்திருந்த விடுதியில், அப்படி யாரும் சொல்லவில்லையே என்று கையை விரித்தார்கள். வரவேற்பு மேசைக்கு எதிரே பெட்டியின் மேல் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை தொண்டை வரை வந்துவிட்டது. பிறகு, ஹம்பிக்கு உள்ள 13 கிலோமீட்டரை அந்த இருட்டில் கடப்பதில்லை என்று முடிவு செய்து, அதே தெருவில் குழந்தைகளோடு ஒரு குடும்பம் படியேறிக்கொண்டிருந்த வேறொரு விடுதிக்குள் அவர்கள் பின்னாலேயே நுழைந்து அறை எடுத்தேன். நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, விளக்கை அணைக்காமலே படுத்தேன். காலை ஏழு மணிக்கு வெளியே வந்து பார்த்தால், பூக்காரர்களும் சீருடைப் பிள்ளைகளும் ஆவி பறக்கும் இட்லிக் கடையுமாக இருந்த அந்தத் தெருவுக்கா இரவெல்லாம் பயந்தோம் என்று வெட்கமாகிவிட்டது. பேருந்தில் ஹம்பிக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த ஏழு பயங்களும் நடந்தோ நடக்காமலோ தீர்ந்துபோயிருந்தன. இன்றும் எந்தப் புது ஊரானாலும் முதல் மாலையில் எனக்கு வயிற்றைப் பிசையத்தான் செய்கிறது. மறுநாள் அது இருப்பதில்லை.

ஆகவே முதல் மாலையை மட்டும் கெட்டியாகத் திட்டமிடுங்கள். மற்ற நாட்களை அந்தந்த நாளிடமே விட்டுவிடலாம். பகலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ரயிலாகப் பாருங்கள். உங்கள் ஊர் வழியாகவே தூத்துக்குடி – மைசூரு எக்ஸ்பிரஸ் போகிறது. இரவில் ஏறினால் மறுநாள் காலையில் மைசூரு. முதல் பயணத்துக்கு அதைவிடத் தோதான ஊர் எனக்குத் தோன்றவில்லை. தமிழ் பேசினால் பலருக்குப் புரியும்; சாமுண்டி மலைக்கு நகரப் பேருந்திலேயே ஏறிப் போகலாம்; ஞாயிற்றுக்கிழமை மாலையில் அரண்மனை முழுவதும் விளக்கேற்றும்போது குடும்பம் குடும்பமாகக் கூட்டம் நிற்கும், நீங்கள் தனியாக நிற்பது யார் கண்ணிலும் படாது. எனவே ஞாயிறு காலையில் போய்ச் சேரும்படி முன்பதிவு செய்யுங்கள். உங்கள் முதல் மாலை அந்த விளக்கு வெளிச்சத்திலேயே கழிந்துவிடும்.

நீண்ட தூர மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் சாதாரணப் படுக்கை வகுப்பில் பெண்களுக்கென ஆறு படுக்கைகள் ஒதுக்கீடு உண்டு. முன்பதிவு செய்யும்போது மகளிர் ஒதுக்கீடு என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். தனியாகப் போகும் பெண்களை ரயில் புறப்படும் நிலையத்திலேயே சந்தித்துப் பேசி, இருக்கை விவரத்தை வழியிலுள்ள நிலையங்களுக்குத் தெரிவிக்கும் ‘மேரி சஹேலி’ என்ற ஏற்பாட்டை ரயில்வே பாதுகாப்புப் படை 2020 முதல் நடத்துகிறது. எல்லா ரயிலிலும் அவர்கள் வருவார்கள் என்று எண்ணியிருக்க வேண்டாம். ரயிலில் எந்தத் தொல்லைக்கும் அழைக்க வேண்டிய எண் 139. ரயிலுக்கு வெளியே 112.

கேள்வி: தனியாக ரயிலில் போனாலே, ‘நாங்கள் குடும்பமாக வந்திருக்கிறோம், நீங்கள் தனி ஆள்தானே, மேல் படுக்கைக்கு மாறிக்கொள்ளுங்கள்’ என்று கேட்கிறார்கள். மறுத்தால் இரவு முழுவதும் முறைக்கிறார்கள். என்ன செய்வது? (வாசகர், திருப்பூர்)

பதில்: பெரியவர்களுக்காகவோ கைக்குழந்தைக்காகவோ கேட்டால் மாறிக்கொள்வேன். பக்கத்துப் பெட்டிக்கு மாறச் சொன்னால், பரிசோதகர் வந்து என் பெயருக்கு எதிரே குறித்துக்கொண்ட பிறகே நகர்வேன். மற்றவர்களிடம் ‘இல்லை’ என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். முறைப்பு அதிகம் போனால் காட்பாடி வரைக்கும்தான்.

கேள்வி: கல்லூரி முடித்த என் 22 வயது மகள் ஹம்பிக்குத் தனியாகப் போக வேண்டும் என்கிறாள். சென்ற ஆண்டுகளில் அந்தப் பக்கம் நடந்த கொடுமையைச் செய்தியில் படித்ததிலிருந்து எனக்கு நெஞ்சு படபடக்கிறது. தடுத்தால் கோபித்துக்கொள்கிறாள். நான் அவளைத் தடுப்பது தவறா? (வாசகி, புதுக்கோட்டை)

பதில்: உங்கள் படபடப்பு நியாயமானது. இப்படியெல்லாம் நடக்கவே நடக்காது என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும். நீங்கள் குறிப்பிடும் சம்பவம் 2025 மார்ச் 6 இரவில் ஹம்பிக்கு அருகே சனாப்பூர்ப் பக்கத்தில், துங்கபத்திரைக் கால்வாய்க் கரையில் நடந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஐந்து பேர். இரண்டு பெண்கள், மூன்று ஆண்கள். பெண்கள் இருவரும் வன்கொடுமைக்கு ஆளானார்கள். கால்வாய்க்குள் தள்ளப்பட்ட ஆண்களில் ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. குற்றம் முழுவதும் செய்தவர்களுடையது. அங்கே ஏன் உட்கார்ந்தார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு இல்லை. ஆனால், கூட ஆள் இருந்தால் போதும் என்று வீட்டில் நாம் சொல்லும் சமாதானத்தை அந்தச் செய்தி பொய்யாக்கிவிட்டது என்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். ‘யாரோடு போகிறாய்’ என்று கேட்பதோடு, ‘இருட்டிய பிறகு எங்கே இருப்பாய்’ என்றும் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வியை நம் வீடுகளில் பையன்களிடம் யாரும் கேட்பதே இல்லை என்பது வேறு விஷயம்.

ஹம்பி எனக்குப் பழகிய ஊர். கோயில்களும் மண்டபங்களும் பல கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கின்றன. பொழுது சாய்ந்தால் பெரும்பகுதி ஆளரவம் இல்லாமல் போய்விடும். சூரிய உதயத்துக்கென்று பலரும் இருட்டிலேயே மாதங்க மலையில் ஏறுவார்கள். உங்கள் மகள் தனியாக அதைச் செய்ய வேண்டாம். விடுதியில் சேர்ந்து போகும் கூட்டம் இருந்தால் அவர்களோடு போகட்டும். விருபாட்சர் கோயிலை ஒட்டியே ஹேமகூடக் குன்று இருக்கிறது. சூரியன் மறைவதை அங்கிருந்து ஊராரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கடைத்தெருவுக்கு இறங்கிவிடலாம். விட்டலர் கோயிலுக்குக் காலையில் போய் மதியத்துக்குள் திரும்புவது நல்லது. வெயிலுக்கும் அதுதான் சரி.

இனி உங்கள் பங்கு. மணிக்கொரு முறை அழைக்காதீர்கள். காலையில் ஒன்று, இருட்டும் முன் ஒன்று என்று இரண்டு நேரங்களை இருவருமாகப் பேசி முடிவு செய்யுங்கள். குறித்த நேரத்தில் அழைப்பு வராவிட்டால் ஒரு மணி நேரம் பொறுத்து விடுதிக்கு அழைப்பது, அங்கும் பதில் இல்லையென்றால் காவல் துறையை அழைப்பது என்பதையும் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். விடுதியின் பெயரும் எண்ணும் உங்களிடம் தாளில் இருக்கட்டும். தான் இருக்கும் இடத்தை அங்கே இருக்கும்போதே சமூக ஊடகத்தில் போட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். ஊர் திரும்பிப் போட்டாலும் படம் அதே படம்தான்.

எல்லாவற்றுக்கும் மேல், பாதியில் பயந்து அவள் திரும்பி வந்தாலோ, பணத்தைத் தொலைத்துவிட்டு உங்களை அழைத்தாலோ, ‘நான் அப்போதே சொன்னேனே’ என்ற வாக்கியத்தை ஒருநாளும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள். ஆபத்து நெருங்கும்போதுகூட வீட்டுக்கு அழைக்கத் தயங்கிய பெண்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களைத் தடுத்தது அந்த ஒரு வாக்கியம்.

கேள்வி: மனைவி இறந்து ஓராண்டு ஆகிறது. மனத்துக்கு மாறுதலாக இருக்கட்டும் என்று ஒரு கோயில் நகரத்துக்குப் போனேன். ‘தனி ஆளுக்கு அறை இல்லை’ என்று மூன்று விடுதிகளில் திருப்பி அனுப்பினார்கள். இரவு பதினொரு மணிக்குப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது, 58 வயதில் இந்த அவமானம் தேவையா என்று தோன்றியது. இப்படி மறுக்கச் சட்டம் இருக்கிறதா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: தனியாக வருபவருக்கு அறை தரக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. கோயில் நகரங்களிலும் கடற்கரை ஊர்களிலும் பரவியிருக்கும் ஒரு வழக்கம் இது. தனியாக வந்து அறையெடுத்துச் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டதும், அதன் பிறகு விடுதிக்காரர் காவல் நிலையத்துக்கு அலைந்ததும்தான் இதற்குக் காரணம். பெண்களைத் தனியாகக் கண்டால் ஒருவிதச் சந்தேகம், ஆண்களைத் தனியாகக் கண்டால் இந்தச் சந்தேகம். வரவேற்பு மேசையில் இருக்கும் பையனுக்கு உங்கள் முகத்திலுள்ள துக்கம் மட்டும் தெரிந்திருக்கும். அதற்குரிய காரணம் தெரியாது.

அடுத்த முறை முன்கூட்டியே தொலைபேசியில் அழைத்து, ‘நான் ஒருவன்தான், இன்ன தேதி வருகிறேன், இன்ன ரயிலில் திரும்புகிறேன்’ என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள். திரும்பும் பயணச்சீட்டைக் காட்டினால் பல இடங்களில் முகம் தெளிந்துவிடும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஹோட்டல் தமிழ்நாடு’ உள்ள ஊராக இருந்தால் அங்கே கேட்கலாம். பெரிய ரயில் நிலையங்களில் ஓய்வறைகள் இருக்கின்றன. உறுதியான அல்லது ஆர்.ஏ.சி. பயணச்சீட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு இணையத்திலேயே பதிவு செய்யலாம். ஒருவராகத்தானே இருக்கிறீர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பெட்டியை நிலையத்துப் பொருள் வைப்பறையில் விட்டுவிட்டு ஊருக்குள் போய்வரலாம், ஆனால் பூட்டுப் போடாத பையை அவர்கள் வாங்கமாட்டார்கள். இரண்டு சிறு பூட்டுகள் எப்போதும் என் பையில் கிடப்பது இதற்காகத்தான்.

கடிதத்தின் கடைசியில், தூக்கத்தில் ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குத் தெரியும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெயர், வயது, உண்ணும் மருந்துகள், இரத்த வகை, அழைக்க வேண்டிய இரண்டு எண்கள் ஆகியவற்றை ஒரு சிறு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். கைபேசியைத் திறக்காமலே அவசரத் தொடர்பு எண் தெரியும்படி அமைக்கவும் முடியும். வீட்டுப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் செய்துகொடுப்பார்கள். இரவு பத்து மணிக்கு யாருக்கேனும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுப் படுங்கள். ஓராண்டு முன்புவரை அந்தச் செய்தி யாருக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போதைக்கு ஒரு நண்பருக்குப் போகட்டும்.

கேள்வி: எனக்கு 61 வயது. காசிக்குப் போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ‘அடுத்த வருடம் நானே அழைத்துப் போகிறேன்’ என்று என் மகன் ஐந்து வருடமாகச் சொல்கிறான். இந்தி தெரியாது. தனியாகப் போகலாமா? (வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: போகலாம் அம்மா. காசி பலரும் தனியாக வந்து பழகிய ஊர். அங்கே தனியாக நிற்கும் வயதான பெண்ணை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. எங்கே போக வேண்டும் என்றுதான் கேட்பார்கள்.

ராமேஸ்வரத்திலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் திருச்சி வழியாகவே வாராந்திர ரயில்கள் போகின்றன. 45 வயதைக் கடந்த பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. தனியாகப் பதிவு செய்யும்போது அது கிடைக்கும் வாய்ப்பு அதிகம். குடும்பத்தோடு ஒரே சீட்டில் பதிவு செய்தால் நழுவிப்போகும், ஆக இதில் தனியாகப் போவதால் லாபம்தான். காசியில் இறங்கும் நிலையம் எது என்பதைச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வாராணசி சந்திப்பு ஒன்று. மண்டுவாடீ என்ற பழைய பெயர் மாறி இப்போது பனாரஸ் என்று இருப்பது இன்னொன்று. முன்பு முகல்சராய் என்றிருந்த தீன்தயாள் உபாத்யாயா சந்திப்பு கங்கைக்கு மறுகரையில், நகரிலிருந்து 15 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ரயில் இரவில் போய்ச் சேர்ந்தால் விடியும் வரை நிலையத்துப் பெண்கள் காத்திருப்பறையிலேயே இருந்துவிடுங்கள். இருட்டில் அந்தச் சந்துகளுக்குள் அறை தேட வேண்டாம்.

தங்குவதற்குக் கேதார கட்டம், அனுமன் கட்டம் பகுதிகளைப் பாருங்கள் (கட்டம் என்றால் படித்துறை). தெருவில் நடந்தாலே தமிழ் காதில் விழும். இளம் பாரதியார் தம் அத்தை வீட்டில் தங்கிப் படித்ததும் அனுமன் கட்டத்தில்தான். குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் நிறுவிய மடம் கேதார கட்டத்தை ஒட்டி இருக்கிறது. நகரத்தார் சத்திரம் 1813 முதல் கோதவ்லியா கடைவீதிக்கு அருகில் இயங்குகிறது. தனியாக வருபவருக்கு இடம் தருவார்களா, எத்தனை நாள் என்பதைப் புறப்படும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தூத்துக்குடி வாசகருக்கு நேர்ந்தது உங்களுக்கு நேர வேண்டாம்.

காசியின் சந்துகளில் வழி தவறுவது நிச்சயம். கைபேசி வரைபடமும் அங்கே திணறும். நான் செய்வது ஒன்றே ஒன்று. வழி தெரியாமல் போனால் ‘கங்கா’ என்று யாரிடமும் கேட்டு ஆற்றுக்கு இறங்கிவிடுவேன். படித்துறைகள் எல்லாம் மேற்குக் கரையில் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் பெயரும் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். கங்கை அங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது. ஆகவே நீரோட்டத்தின் போக்கிலேயே நடந்தால் தசாசுவமேதமும் மணிகர்ணிகையும் வரும், எதிர்த்து நடந்தால் அஸி கட்டம் வரும். இந்தி எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும், கேதாரேசுவரர் கோயிலின் சிவப்பு வெள்ளைப் பட்டைகளைத் தொலைவிலிருந்தே அடையாளம் காணலாம். மழைக்காலத்தில் வெள்ளம் படித்துறைகளை மூழ்கடித்துவிடுவதால் இந்த வழி பயன்படாது. டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். பிப்ரவரி அல்லது மார்ச் உங்களுக்கு உகந்தது.

படிகள் செங்குத்தானவை, முழங்கால் வலி இருந்தால் அஸி கட்டப் பக்கமாக இறங்குங்கள். நீராடப் போகும்போது கைபேசியையும் பணத்தையும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையே என்ற கவலை தனியாகப் போகும் எல்லாருக்கும் வரும். ராமேஸ்வரத்தின் 22 தீர்த்தங்களில் நனைந்துகொண்டு நடக்கையில் நானும் இதே கவலைப்பட்டிருக்கிறேன். அறைச் சாவியையும் அன்றைய செலவுக்கான சில நோட்டுகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை அறையிலேயே பூட்டிவைத்துவிட்டுப் போவதுதான் வழி. திதி கொடுப்பதானாலும் படகில் போவதானாலும் மொத்தத் தொகையைத் தொடங்கும் முன்பே பேசி முடியுங்கள். மணிகர்ணிகையில், ஏழைகளின் சிதைக்கு விறகு வாங்கப் பணம் கொடுங்கள் என்று சிலர் உருக்கமாகப் பேசுவார்கள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மகனிடம் அனுமதி கேட்காமல், பயணச்சீட்டை எடுத்த பிறகு தேதியை மட்டும் சொல்லுங்கள். ஒருவேளை அவரும் கிளம்பி வந்துவிடலாம். வந்தால் நல்லது, கீழ்ப் படுக்கையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: வெளியூரில் எதற்கும் பயமில்லை, ஆனால் உணவகத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியவில்லை. பார்சல் வாங்கி அறையில் சாப்பிடுகிறேன். இது சரியாகுமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: பகல் பன்னிரண்டரை மணிக்கு, கூட்டம் பிதுங்கும் சாப்பாட்டுக் கடைக்குப் போங்கள். நான்கு பேர் மேசையில் ஏற்கெனவே மூன்று பேர் தனித்தனியாக உட்கார்ந்திருப்பார்கள். நான்காவது இடம் உங்களுக்கு. குழம்புக்கும் ரசத்துக்கும் இடையில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. காலியாகக் கிடக்கும் குளிரூட்டிய அறையில், நான்கு பணியாளர்கள் சுற்றி நின்று பார்க்கத் தனியாக உட்காரும்போதுதான் தொண்டையில் சோறு இறங்காது. மேசையில் உங்கள் இடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், கை கழுவுவதைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். நடுவில் எழுந்து போனால் இலை போய்விடும். எனக்குப் போயிருக்கிறது, அதுவும் பாயசம் வைத்த பிறகு.

கேள்வி: வெளியூர்ப் பயணத்துக்குச் செலவிட என்னிடம் பணம் இல்லை. வீட்டைவிட்டு ஒரு நாளுக்கு மேல் இருக்கவும் முடியாது. எனக்குத் தனிப் பயணம் என்பது கிடையவே கிடையாதா? (இல்லத்தரசி, கும்பகோணம்)

பதில்: தமிழ்நாட்டுச் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் புறப்பட்டால், நான்கு கிலோமீட்டரில் தாராசுரம். உறவினர் வந்தால் அழைத்துப் போய்க் காட்டியிருப்பீர்கள். ஒரு தூணில் எத்தனை ஆடல் சிற்பங்கள் என்று எண்ணிப் பார்க்க நேரம் இருந்திருக்காது. மறுவாரம் வேறு திசையில் செல்லும் பேருந்து. தனியாகச் சுற்றுபவருக்குக் கோயில் ஊர்களில் உள்ள பெரிய சிக்கல், நண்பகலில் நடை சாத்திவிட்டால் மாலை நான்கு மணி வரை உட்கார இடம் இல்லாததுதான். ஒரு நூலகத்தையோ ரயில் நிலையத்தையோ முன்னதாகவே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். குடிநீரும் கழிப்பறையும் அங்கே கிடைக்கும்; கழிப்பறைக்குப் பயந்து பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதை மட்டும் செய்யாதீர்கள். மாலை ஐந்து மணிக்கு வீட்டில் இருந்துவிடலாம். முதல் மாலை என்ற தொல்லையே உங்களுக்கு இல்லை.

கேள்வி: பயத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். அப்படிக் கஷ்டப்பட்டுத் தனியாகப் போய் என்னதான் கிடைக்கிறது? நாலு பேரோடு போனால் சிரித்துப் பேசிக்கொண்டு போகலாமே? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: நாலு பேரோடு போவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, அதற்குரிய இன்பம் வேறு. தனியாகப் போனால் தன்னையே கண்டடையலாம் என்றெல்லாம் சிலர் சொல்வதை நான் சொல்லமாட்டேன். எனக்கு அப்படி எதுவும் அகப்படவில்லை. பேச ஆள் இல்லாமல் தவித்த மாலைகளும் உண்டு. நல்ல காட்சியைப் பார்த்துவிட்டு ‘பார்த்தாயா’ என்று பக்கத்தில் திரும்பி, யாரும் இல்லையே என்று ஏமாந்ததும் உண்டு.

கிடைப்பது என்று கேட்டால், முதலில் நேரம். குழுவாகப் போகும்போது யாருக்காவது பசிக்கும், யாருக்காவது கால் வலிக்கும், யாருக்காவது கடைக்குப் போக வேண்டும். நாள் முழுவதும் மற்றவர்களின் வசதிக்கே போய்விடும், அதில் குறை சொல்லவும் முடியாது. அடுத்து, மனிதர்கள். நான்கு பேராக உட்கார்ந்திருப்பவர்களிடம் யாரும் வந்து பேசுவதில்லை. தனியாக இருப்பவரிடம் பக்கத்து இருக்கைப் பாட்டி தன் மருமகளைப் பற்றிய முழு வரலாற்றையும் சொல்லிவிடுவார். பயணிக்குக் கிடைக்கும் செய்திகளில் பாதி இப்படி வருபவைதான். காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி 1930களின் பிற்பகுதியில் நாடு நாடாக அலைந்து, 1940இல் அவரைப் பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்ட பயண எழுத்தாளர் ஏ. கே. செட்டியாருக்குப் போன இடமெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் உதவியிருக்கிறார்கள். பெரிய பரிவாரத்தோடு போயிருந்தால் அத்தனை கதவுகள் திறந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது; அதற்கு எனக்குச் சரியான பெயர் தெரியவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். ஹொசபேட்டை விடுதியில் விளக்கணைக்காமல் தூங்கிய இரவுக்கு மறுநாள், விருபாட்சர் கோயிலில் கருவறைக்குப் பின்புறமுள்ள ஒரு சிறு அறைக்குப் போனேன். கிழக்கு வாசலிலுள்ள ஒன்பது நிலைக் கோபுரத்தின் நிழல், சுவரிலுள்ள சிறு துளை வழியாக வந்து எதிர்ச் சுவரில் தலைகீழாக விழுகிறது. வழிகாட்டி ஒருவர் குடும்பங்களை அழைத்து வந்து, கையால் துளையை மறைத்துக் காட்டி, வியக்கவைத்து, இரண்டு நிமிடத்தில் வெளியே கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். நான் மூலையில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்திருப்பேன். வெளியே மேகம் கடக்கும்போது கோபுரம் சுவரில் கரைவதும், வெயில் வந்ததும் கலசத்தைக் கீழே வைத்துக்கொண்டு மறுபடி தோன்றுவதுமாக இருந்தது. நான்காவது குடும்பத்தை அழைத்து வந்தபோது வழிகாட்டி என்னைப் பார்த்து, ‘இன்னும் இங்கேதான் இருக்கிறீர்களா, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டார். யாருக்காகவும் இல்லை என்றேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, துளையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, தாமும் சுவரைப் பார்த்தார்.